கண்காட்சிக்கான ஒளிப்பட அச்சு: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

திரையில் நன்றாக இருந்த படம் தாளில் கெட்டு வந்தால், எடுத்த எடுப்பில் நாம் பிரிண்டரைத்தான் சந்தேகிக்கிறோம். மை தெளிக்கும் தலைப்பகுதியைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்ப ஓட்டி, விலை உயர்ந்த மையைக் கழிவுத் தொட்டிக்கு அனுப்பிய பிறகும் குறை அப்படியே நிற்கும். ஏனெனில் குறை கண்ணில் படும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. அச்சில் தெரியும் இருட்டு மானிட்டரில் பிறந்திருக்கும். கண்ணாடிக்குள் தெரியும் படலம் சட்டம் போடுவதற்கு முந்தைய நாளின் அவசரத்தில் பிறந்திருக்கும். ஆகவே, அறிகுறி தெரியும் கட்டத்திலிருந்து ஒரு கட்டம் பின்னே போய்த் தேடுவதையே இங்கே முறையாகக் கொண்டிருக்கிறேன்.

இங்கே பேசப்படுவது இன்று காட்சிக்கூடங்களில் மிகப் பரவலாக உள்ள முறை: நிறமி மை (கரையாத நிறத் துகள்கள் கொண்ட மை) ஊற்றிய இன்க்ஜெட் பிரிண்டர், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்னும் எடை) அளவிலான பருத்தித் தாள் அல்லது பளபளப்புள்ள பரைட்டா தாள், படத்தைச் சுற்றி வரும் திறப்புள்ள அட்டையான மவுண்ட் போர்டு, கண்ணாடியோ அக்ரிலிக்கோ போட்ட சட்டம். இருட்டறையில் செய்யும் வெள்ளி அச்சுக்குச் சட்டமும் சுவரும் பற்றிய பகுதிகள் மட்டும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு சோதனைப் படத்தைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகச் செல்லும் சாம்பல் பட்டை, சில தோல் நிறங்கள், ஆழ்ந்த நிழல், அடர்ந்த சிவப்பு, நீலம், பச்சை ஆகியவை அதில் இருந்தால் போதும். ஒரு முறைக்கு ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, சிறு துண்டுத் தாளில் அச்சிட்டு, என்ன மாற்றினோம் என்பதை அதன் பின்புறத்தில் பென்சிலால் குறித்துவிட வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் குறை போனாலும் எது மருந்து என்று தெரியாது. அடுத்த தாள் வகைக்கு மாறும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அச்சு திரையைவிட இருண்டு வருகிறது

கேள்விகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும். காரணம் பெரும்பாலும் மானிட்டரின் வெளிச்சம். கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா, சில வேளை அதற்கும் மேல், ஒளிரும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அச்சுப் பணிக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். அவ்வளவு வெளிச்சமான திரையில் நிழலைத் திருத்துபவர், தம்மை அறியாமலே படத்தை இருட்டாக்கிவிடுகிறார்.

கேலிபிரேட்டர் கருவி இருந்தால் அதைக் கொண்டு திரையை அளந்து அமைப்பதே சரியான வழி. இல்லாதவர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அச்சைப் பார்க்கப் பயன்படுத்தும் விளக்கின் கீழ், திரைக்குப் பக்கத்தில், அச்சிடாத அதே தாளைப் பிடிக்க வேண்டும். தாள் சாம்பலாகத் தெரிந்து திரை விளக்கு மாதிரி எரிந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும் வரை திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதன் பிறகு பழைய கோப்பைத் திறந்தால், அச்சில் கண்ட அதே இருட்டு திரையிலும் தெரியும். அச்சு பொய் சொல்லவில்லை என்பது அப்போது விளங்கும்.

திரை சரியாக இருந்தும் அச்சு இருண்டு தெரிந்தால், அச்சைப் பார்க்கும் வெளிச்சத்தைச் சோதிக்க வேண்டும். அச்சுகளைப் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரநிலை டி50 என்னும் பகலொளி வகையைக் குறிப்பிடுகிறது. நுட்பமாக ஒப்பிடுவதற்கு 2000 லக்ஸ், நடைமுறையில் பார்த்து மதிப்பிடுவதற்கு 500 லக்ஸ் என இரு நிலைகளை வைக்கிறது. இரவில் ஒற்றை டியூப் லைட் எரியும் அறையின் மூலையில் நின்று அச்சைப் பார்த்துவிட்டு, படம் இருட்டு என்று முடிவுகட்டுவது முறையன்று.

இரண்டும் சரி என்றால், அந்தத் தாளின் ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளும் மையும் நிறங்களை எப்படிக் காட்டும் என்று விவரிக்கும் கோப்பை) கொண்டு சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்பதன் திரை முன்னோட்டம், பார்க்க வேண்டும். தாளின் நிறத்தையும் காட்டும் தேர்வை இயக்கியவுடன் படம் சட்டென்று வெளிறிப்போவதைக் கண்டு பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். இயக்கும் நொடியில் கண்ணை வேறு பக்கம் திருப்பி, சற்றுப் பொறுத்துப் பார்த்தால் கண் பழகிவிடும். அதற்குப் பிறகு செய்யும் திருத்தம்தான் தாளுக்குப் பொருந்தும். அச்சிடும் சாளரத்தில் உள்ள பிரைட்னஸ் அளவை ஏற்றி அனுப்புவது நாளைக் காலை திறப்பு விழா என்றால் கைகொடுக்கும். நிலையான வழியாக அதைக் கொள்ளக் கூடாது, நடுத்தொனிகள் உயர்ந்து வெளிச்சப் பகுதிகள் வெளுத்துவிடும்.

படம் முழுவதும் ஒரு சாயல் ஏறியிருக்கிறது, அல்லது நிறங்கள் வெளிறியிருக்கின்றன

முதலில் சோதனைப் படத்தின் சாம்பல் பட்டையைப் பார்க்க வேண்டும். பட்டை நடுநிலையாக இருந்து படத்தில் மட்டும் சாயல் இருந்தால், குறை கோப்பில் இருக்கிறது. பட்டையிலும் சாயல் இருந்தால், மை தெளிக்கும் நுண்துளைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் நாசில் சோதனை அச்சிட வேண்டும். ஏதோ ஒரு மை முழுவதுமாக வராமல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நாசில்கள் நிறைவாக இருந்தும் சாயல் இருந்தால், நிற மேலாண்மை இரட்டிப்பாக நடந்திருக்கும் வாய்ப்பே அதிகம்: மென்பொருள் ஒரு முறை புரொஃபைலைக் கொண்டு நிறத்தை மாற்றி அனுப்ப, பிரிண்டரின் டிரைவர் (கணினியில் பிரிண்டரை இயக்கும் நிரல்) அதை மறுபடி மாற்றுகிறது. இதன் அடையாளம் பெரும்பாலும் அழுத்தமான மெஜந்தா சாயல். மென்பொருள் நிறத்தை நிர்வகிக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தால், டிரைவரில் நிறத் திருத்தம் வேண்டாம் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் அணைத்துவிட்டால் எதிர்மாறான குறை வரும். நிறங்கள் வெளிறிப் போகும்.

புரொஃபைல் சரியாக இருந்தும் டிரைவரில் தாள் வகை தவறாக இருக்கலாம். புரொஃபைலை உருவாக்கிய தாள் நிறுவனம், எந்தத் தாள் வகையைத் தேர்ந்தெடுத்து அதை உருவாக்கியது என்பதைத் தன் குறிப்பில் சொல்லியிருக்கும். தாள் வகைதான் எவ்வளவு மை விழ வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அது மாறினால் புரொஃபைலின் கணக்கே மாறிவிடும்.

வெளியே அச்சகத்துக்கு அனுப்பிய படம் மட்டும் வெளிறி வந்தால், கோப்பின் நிறவெளியை, அதாவது அது எந்த நிற எல்லைக்குள் பதிவாகியிருக்கிறது என்பதை, பார்க்க வேண்டும். அகன்ற நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் சேமித்த கோப்பிலிருந்து புரொஃபைல் நீங்கிவிட்டால், அதைப் பெறும் இயந்திரம் குறுகிய, பொதுவான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்கிறது. தோல் நிறங்களிலிருந்து உயிர் போய்விடுகிறது. சாதாரண கலர் லேபுக்கு எஸ்ஆர்ஜிபியாக மாற்றி அனுப்புவதே பாதுகாப்பு. தனியான கலை அச்சகமாக இருந்தால், என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

சாயல் இல்லை, ஆனால் பட்டுச் சேலையின் அரக்குச் சிவப்பில் மடிப்புகள் காணாமல் போய் ஒரே திட்டாக வருகிறது என்றால், அது அந்தத் தாளும் மையும் எட்ட முடியாத நிறம். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்ற தேர்வு எட்டாத நிறங்களை எல்லையிலேயே வெட்டிவிடுகிறது; பெர்செப்சுவல் தேர்வு எல்லா நிறங்களையும் சிறிது உள்ளே இழுத்து இடைவெளிகளைக் காக்கிறது. இரண்டையும் சாஃப்ட் ப்ரூஃபில் மாற்றிப் பார்த்து, அதுவும் போதாதென்றால் அந்தச் சிவப்பில் மட்டும் செறிவைக் குறைப்பது நல்லது. செறிவைக் குறைத்தால் சேலை மங்கும் என்று அஞ்சத் தேவையில்லை. மடிப்பு திரும்பி வரும்போது நிறமும் கூடவே வந்ததுபோல் தோன்றும்.

கறுப்பு கறுப்பாக இல்லை, நிழல்கள் ஒட்டிக்கொள்கின்றன

பருத்தி மேட் தாளில் கறுப்பு, கரித்துண்டின் கறுப்பைத் தாண்டாது. பரைட்டாவில் கிடைக்கும் ஆழத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகவே வந்தால், மேட் தாளுக்குரிய கறுப்பு மைக்குப் பதிலாகப் பளபளப்புத் தாளுக்குரிய போட்டோ பிளாக் மை விழுந்திருக்கிறது. இதை முடிவு செய்வதும் டிரைவரில் தேர்ந்தெடுத்த தாள் வகைதான். மாறாக, பளபளப்புத் தாளில் கறுப்பு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால், மேட் பிளாக் அங்கே போய்விட்டது என்று பொருள். பழைய பிரிண்டர்கள் சிலவற்றில் இரு கறுப்பும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மை வீணாகும். அத்தகைய இயந்திரம் உடையவர்கள் மேட் வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் முடித்துக்கொள்வது சிக்கனம்.

தாளின் அடிப்பக்கத்தில் அச்சிட்டாலும் இதே மங்கல் வரும். மேற்பூச்சு ஒரு பக்கம் மட்டும் உள்ள தாளில் எது முன்பக்கம் என்று ஐயம் வந்தால், ஈரமான விரலால் ஒரு மூலையைத் தொட வேண்டும். பூச்சுள்ள பக்கம் விரலில் இலேசாக ஒட்டும்.

மையும் பக்கமும் சரி, ஆனால் நிழலில் உள்ள விவரம் மட்டும் மறைகிறது என்றால், கோப்பின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்படுவது வளைவுத் திருத்தம்: சாம்பல் பட்டையின் இருண்ட படிகளில் எந்தப் படியிலிருந்து வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது என்று அச்சில் பார்த்து, முக்கியமான நிழல் விவரத்தை அந்தப் படிக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். ஒரு தாளுக்கு ஒரு முறை இதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தத் தாள் தீரும் வரை கவலையில்லை.

வானத்தில் கோடுகள்

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. படத்தைக் கோப்பிலேயே 90 பாகை சுழற்றி மறுபடி அச்சிட வேண்டும். கோடு படத்தோடு சேர்ந்து சுழன்றால், அது கோப்பின் குறை. படம் சுழன்றும் கோடு மட்டும் தாளின் அகலவாக்கில், அதாவது ஹெட் ஓடும் திசையில், அப்படியே நின்றால், அது பிரிண்டரின் குறை. இந்த ஒரு தாள் செலவு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிரிண்டரின் குறை என்று உறுதியானால் நாசில் சோதனைக்குப் போகலாம். கோலத்தில் புள்ளி விட்டுப்போனது போல் இடைவெளிகள் தெரிந்தால், சாதாரண கிளீனிங்கை ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால் பிரிண்டரைச் சில மணி நேரமோ ஓர் இரவோ சும்மா விட்டு, மறுநாள் மறுபடி சோதிப்பது நல்லது. குழாயில் புகுந்த காற்று அடங்குவதற்கும், காய்ந்த மை ஊறுவதற்கும் நேரம் வேண்டும். அடுத்தடுத்து கிளீனிங் ஓட்டுவது சில வேளை அடைப்பை அதிகமாக்குவதைப் பார்க்கலாம். குறிப்பிட்ட நிறத்தை மட்டும் சுத்தம் செய்யும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். இரவும் பகலும் ஏசி ஓடி, காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போகும் அறைகளில் ஹெட் விரைவில் காயும். வாரத்துக்கு ஒரு முறையேனும் எல்லா நிறமும் உள்ள சிறு படம் ஒன்றை அச்சிடுவது, பிறகு செய்யும் கிளீனிங்கைவிட மலிவு.

நாசில் சோதனை நிறைவாக இருந்தும் மெல்லிய கோடுகள் சீரான இடைவெளியில் வந்தால், தாள் நகரும் அளவு பிசகியிருக்கிறது. கனமான பருத்தித் தாள், பிரிண்டர் எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ நகர்கிறது. கோடு இருட்டாக இருந்தால் இரண்டு ஓட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. வெளிச்சமாக இருந்தால் இடையில் இடம் விட்டுப்போகிறது. அந்தத் தாளுக்கென்று பேப்பர் ஃபீட் அமைப்பைச் சரிசெய்து, ஹெட் அலைன்மென்ட்டும் செய்து, ஹை ஸ்பீடு என்னும் இருதிசை அச்சை அணைத்தால் பெரும்பாலும் மறையும்.

படத்தோடு சுழலும் கோடுகள், அல்லது வானம் படிக்கட்டு படிக்கட்டாக இறங்குவது, 8 பிட் கோப்பை மிகையாகத் திருத்தியதன் விளைவு. ஒரு வண்ணத்துக்கு 256 படிகள் மட்டுமே உள்ள கோப்பில் வானத்தை இழுத்து நீட்டினால் படிகள் தனித்தனியாகத் தெரிவது இயல்பு. கேமரா பதிவுசெய்த மூல ரா (raw) கோப்புக்குத் திரும்பி, படிகள் மிக அதிகமுள்ள 16 பிட்டில் திருத்துவதே முறை. மூலக் கோப்பு இல்லையென்றால், வானத்தில் மிக நுண்ணிய கிரெயினைச் சேர்ப்பது படிகளை மறைக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

ஓரத்தில் மைத் தீற்றல்

தாளின் மூலையோ ஓரமோ மேலே சுருண்டு, ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தில் ஓடும் ஹெட்டில் உரசியிருக்கிறது. சென்னை போன்ற கடற்கரை நகரில், வடகிழக்குப் பருவமழையின்போது இது அடிக்கடி நடக்கும். பருத்தி இழை ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பூச்சு இருப்பதால் இரு பக்கமும் ஒரே அளவு விரிவதில்லை, தாள் வளைகிறது. அச்சிடும் அறையில் ஈரப்பதம் 40க்கும் 60க்கும் இடையே இருக்க வேண்டும். தாளை அதன் உறையிலேயே வைத்து, அச்சிடும் நேரத்தில் மட்டும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை அச்சு மேசையில் வைத்திருப்பது நல்லது.

சுருண்ட தாளை எதிர்த்திசையில், தடித்த அட்டைக் குழாயின் மேல், இடையே சுத்தமான தாள் வைத்து மெல்லச் சுருட்டிச் சிறிது நேரம் வைத்தால் நிமிரும். கையால் மடக்கி நிமிர்த்தப் பார்த்தால் பூச்சு விரிசல் விடும். பிறகும் உரசினால் பிளாட்டன் இடைவெளியை (ஹெட்டுக்கும் தாளுக்கும் இடையிலான தூரத்தை) ஒரு படி கூட்டலாம். மைத்துளி சற்றுக் கூடுதல் தூரம் பயணிப்பதால் கூர்மை மிகச் சிறிதளவு குறையும், ஆனால் தீற்றலைவிட அது மேல். படத்தைச் சுற்றி மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத வெள்ளை ஓரம் விட்டால், உரசல் நேர்ந்தாலும் பெரும்பாலும் படத்துக்கு வெளியே விழும். சட்டம் போடுபவருக்கும் பிடிக்க இடம் கிடைக்கும்.

கரும்பகுதியில் வெள்ளைப் புள்ளிகள்

பருத்தித் தாளின் மேல் ஒட்டியிருந்த தூசியின் மேல் மை விழுந்து, பிறகு தூசி உதிர்ந்த இடம் அது. அச்சிடும் முன் தாளைச் செங்குத்தாகப் பிடித்து, அகலமான மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரு முறை துடைத்தால் போதும். வாயால் ஊதக் கூடாது; எச்சில் துளி விழுந்த இடம் மை ஏற்காமல் இன்னும் பெரிய புள்ளியாக வரும்.

பளபளப்புத் தாளைச் சாய்த்தால் செம்பு நிற மினுக்கம்

நிறமி மை தாளின் மேற்பரப்பில் தங்குவதால், மை அதிகமுள்ள இடமும் மையே இல்லாத வெள்ளை இடமும் வெவ்வேறு விதமாக ஒளியைத் திருப்புகின்றன. கேனானின் சில பிரிண்டர்களில் உள்ள குரோமா ஆப்டிமைசர் என்னும் நிறமற்ற பூச்சை முழுப் படத்துக்கும் இட்டால் இது பெரிதும் குறையும். அந்த வசதி இல்லாதவர்கள் நல்ல பரைட்டா தாளுக்கு மாறலாம். கண்ணாடிக்குப் பின்னால் போனதும் இந்த மினுக்கம் பெரும்பாலும் கண்ணில் படாது என்பதால், இதற்காக நாள்களைச் செலவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கறுப்பு வெள்ளைப் படம் அறைக்கு அறை நிறம் மாறுகிறது

மேசை விளக்கில் நடுநிலையாகத் தெரிந்த சாம்பல், சன்னலருகே பச்சையாகத் தெரிகிறது. பல நிற மைகள் சேர்ந்து உண்டாக்கிய சாம்பல், ஒளியின் சேர்க்கை மாறும்போது நிறம் மாறித் தெரிவதுதான் காரணம். தொடக்க கால நிறமி மைகளுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. 2000ஆம் ஆண்டு வந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 2000பி பிரிண்டரின் அச்சுகள் பகல் வெளிச்சத்தில் பச்சையடிப்பது அந்நாளில் எல்லோரும் அறிந்த செய்தி. இப்போதைய பிரிண்டர்கள் கறுப்போடு ஒன்றிரண்டு சாம்பல் மைகளையும் சேர்த்துப் பயன்படுத்துவதால் குறை மிகவும் தணிந்திருக்கிறது.

இன்றும் அது தெரிந்தால், கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணப் படத்தைப் போல் அச்சிட்டிருப்பீர்கள். எப்சனில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் என்பதைப் போன்ற தனிப் பயன்முறையில் அச்சிட்டால், சாம்பலின் பெரும்பகுதி கறுப்பு, சாம்பல் மைகளாலேயே உண்டாகும். அதன் பிறகும் ஐயம் இருந்தால் விளக்கைச் சந்தேகிக்க வேண்டும். நிறக் காட்டுதிறன் குறியீடு 90க்குக் கீழே உள்ள மலிவான எல்இடி விளக்குகளில் நல்ல அச்சும் கெட்டதாகத் தெரியும்.

சட்டத்துக்குள் கண்ணாடியில் பனிப்படலம்

சட்டம் போட்டுச் சில வாரங்களில் கண்ணாடியின் உட்புறத்தில், படத்தின் கரும்பகுதிகளின் வடிவத்திலேயே, மெல்லிய படலம் தோன்றும். அது பூஞ்சை அன்று. மையில் உள்ள கிளைகால் போன்ற, மெதுவாக ஆவியாகும் பொருள்கள், தாளிலிருந்து வெளியேறிக் கண்ணாடியில் படிந்திருக்கின்றன. பருத்தித் தாளைவிட, ஆவி வெளியேற வழி குறைந்த பரைட்டா, ஆர்சி (பிளாஸ்டிக் பூச்சுள்ள) தாள்களில் இது அதிகம்.

சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, அச்சை ஆற வைப்பது தவிர வேறு வழியில்லை. அச்சின் மேல் பூச்சில்லாத சாதாரண வெள்ளைத் தாளைப் பரப்பி 24 மணி நேரம் வைக்க வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது அந்தத் தாள் அலை அலையாக நெளிந்திருந்தால், அது ஆவியை உறிஞ்சியிருக்கிறது. புதுத் தாள் மாற்றி மறுபடி வைக்க வேண்டும். நெளியாமல் தட்டையாக வரும் நாளில்தான் சட்டக்காரரிடம் கொடுக்கலாம். கண்காட்சிக்கு முந்தைய இரவு அச்சிட்டு மறுநாள் காலை கண்ணாடி போடும் பழக்கம் இருக்கும் வரை இந்தப் படலமும் இருக்கும்.

அச்சு நெளிகிறது, கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது, மஞ்சள் கோடு விழுகிறது

இம்மூன்றும் சட்டம் போட்ட முறையின் குறைகள். அச்சின் நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டியிருந்தால், ஈரத்தில் விரியும் தாளுக்குப் போக இடமில்லை, நடுவில் நெளியும். மேல் ஓரத்தில் மட்டும், ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு இரண்டு கீல்கள் போட்டு, மற்ற மூன்று பக்கமும் தாள் தொங்கும்படி விட வேண்டும். செல்லோடேப்பை இதற்கு எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகிவிட்டால் மீட்க முடியாது.

மவுண்ட் போர்டு இல்லாமல் கண்ணாடியை அச்சின் மேல் நேராக வைத்தால், மழைக்காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அச்சை இழுத்து எடுக்க முயல்வது மேற்பூச்சை உரித்துவிடும். முக்கியமான படமானால் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுக்க வேண்டும். மறுபடி அச்சிட முடியுமென்றால் அதுவே எளிது. மவுண்ட் வேண்டாம் என்பவர்கள், ஓரங்களில் ஸ்பேசர் பட்டை வைத்துக் கண்ணாடியைச் சில மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மவுண்ட் திறப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு விழுவது, அமிலமுள்ள அட்டையின் வேலை. பருத்தியால் ஆன, அமிலமற்ற போர்டைக் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் வைக்கும் ஹார்டுபோர்டு அச்சை நேராகத் தொடாமல் இடையில் இன்னொரு அமிலமற்ற தாள் இருக்க வேண்டும். போர்டின் வெட்டுமுகம் பழுப்பாகத் தெரிந்தால் அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஈரச் சுவரில் தொங்கும் சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு கார்க் துண்டுகளை ஒட்டினால், பின்னால் காற்றோடும். பூஞ்சை வரும் வாய்ப்பு குறையும்.

தாளின் வெண்மை மங்கிவிட்டது

மேசையில் பளிச்சென்று இருந்த தாள், சட்டத்துக்குள் போனதும் இளமஞ்சளாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அந்தத் தாளில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால்தான் தாள் மிகை வெண்மையாகத் தெரிகிறது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டதும் அந்த நீலம் நின்றுவிடுகிறது. ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் தாளின் மேல் அடித்தால் உண்மை தெரியும்: பளீரென்று நீலமாக ஒளிரும் தாளில் அந்தப் பொருள் உண்டு, மங்கலாகவே நிற்கும் தாளில் இல்லை. காலப்போக்கில் அந்தப் பொருள் செயலிழந்து தாள் தன் இயல்பு நிறத்துக்குத் திரும்பும் என்பதால், விற்பனைக்குரிய பதிப்புகளுக்கு (எண்ணிட்டுக் கையொப்பமிட்ட பிரதிகளுக்கு) அது கலவாத தாளையே தேர்ந்தெடுப்பது நேர்மை.

தாள் அல்லாமல் நிறங்களே மங்கினால், நிறமிக்குப் பதிலாகக் கரையும் சாயம் கொண்ட சாய மை பயன்படுத்தப்பட்டிருக்கலாம், அல்லது படத்தின் மேல் நேரடி வெயில் விழுந்திருக்கலாம். 1991இல் கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் போன்ற அச்சகங்கள் சாய மை கொண்ட ஐரிஸ் இன்க்ஜெட் பிரிண்டர்களைக் கலை அச்சுக்குப் பயன்படுத்தத் தொடங்கியபோது, மைகள் விரைவில் மங்கியதுதான் பெரிய கவலை. நிறமி மைகள் பரவியது அந்தக் கவலைக்கு விடையாகத்தான். நிறமி மையும் வெயிலைத் தாங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

காட்சிக்கூடச் சுவரில் மட்டும் சரியில்லை

500 லக்ஸ் வெளிச்சத்தில் பார்த்துத் திருத்திய படம், 100 லக்ஸ் விழும் சுவரில் இருண்டுதான் தெரியும். அருங்காட்சியகங்கள் ஒளியால் எளிதில் கெடும் தாள் படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவையே வைத்துக்கொள்வது வழக்கம். வாடகைக்கு எடுக்கும் கூடங்களில் ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்குமே வெளிச்சம் மாறும். எனவே இறுதி அச்சுக்கு முன், மூன்று வெவ்வேறு வெளிச்ச அளவில் அச்சிட்ட சிறு துண்டுகளைக் கூடத்துக்கே எடுத்துச் சென்று, படம் தொங்கப்போகும் இடத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்தவர்களின் படங்கள் சுவரில் தனித்துத் தெரியும்.

கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் விளக்கின் கோணத்தை மாற்ற வேண்டும். செங்குத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகையில் ஒளி விழுந்தால், பிரதிபலிப்பு பார்வையாளரின் கண்ணுக்குக் கீழே போய்விடும். கோணம் அதைவிடக் குறைந்து ஒளி சுவரை ஒட்டி இறங்கினால், சட்டத்தின் நிழல் படத்தின் மேல் விழும். எதிர்ச்சுவரில் சன்னல் இருந்தால் விளக்கால் ஒன்றும் செய்ய முடியாது. கரும்பகுதி மிகுந்த படத்தை அந்தச் சுவரில் தொங்கவிடாமல், வெளிச்சமான படத்தை அங்கே மாற்ற வேண்டும். பிரதிபலிப்பற்ற கண்ணாடிக்கு விலை அதிகம். எல்லாப் படத்துக்கும் முடியாவிட்டாலும் இருண்ட படம் ஒன்றிரண்டுக்காவது போடலாம்.

வரிசை கோணலாகத் தெரிந்தால், சட்டங்களின் மேல் விளிம்பைப் பார்த்து ஆணி அடித்திருப்பார்கள். வெவ்வேறு அளவுள்ள சட்டங்களுக்கு நடுப்புள்ளியைத்தான் ஒரே உயரத்தில் வைக்க வேண்டும். தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் வழக்கமான உயரம். ஒற்றை ஆணியில் கம்பி மாட்டித் தொங்கவிட்ட சட்டம், கதவு அடிபடும்போதெல்லாம் சாயும்; இரண்டு கொக்கி போட்டால் அசையாது.

கண்காட்சி நடக்கும்போதே ஓர் அச்சு பழுதாகி மாற்ற வேண்டி வந்தால், அதே தாளிலும் அதே அமைப்பிலும் அச்சிட்டு, பழுதான பிரதியின் பதிப்பு எண்ணையே புதியதற்கும் இட வேண்டும். பழைய பிரதியைக் காட்சிக்கூடப் பொறுப்பாளர் முன்னிலையில் கிழித்து, பதிப்புப் பதிவேட்டில் நாளிட்டு எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். கிழித்த துண்டில் எண்ணும் கையொப்பமும் உள்ள மூலையைப் பதிவேட்டோடு இணைத்து வைத்தால், பின்னாளில் வாங்குபவர் கேட்கும் கேள்விக்கு அதுவே பதில்.